பிள்ளைகள் ஏன் இறைச்சிக் கறியை ஒதுக்குகிறார்கள்?

(எமது சங்கத்தின் மாதாந்த ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. புத்தாண்டு மலருக்காகச் சிறிது சுருக்கி எழுதப்பட்டது.)



இந்தத் தலைப்பை நிர்வாகசபை என்னிடம் தந்தபோது, "பல்கலைக்கழகத்தில படிக்கிற ஒருத்தரைப் பேசச் சொல்லுங்கோவன்" என்று சொன்னேன். "அவையள் பேசினால் தாய் தகப்பன் கேக்காது, நீர் பேசும்" என்றார் செயலாளர். நியாயம்தான். நான் உயர்தரத்தோடு படிப்பை விட்டவன், தொழிற்சாலையில் நிற்பவன். வாசித்து அறிந்ததைத்தான் சொல்லப் போகிறேன். இலக்கங்கள் கொஞ்சம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

கடந்த ஒரு வருடமாக எங்கட வீடுகளில் ஒரே மாதிரியான ஒரு முறைப்பாடு கேட்கிறது. பிள்ளை படிக்கவென்று வேறு நகரத்துக்குப் போகுது. விடுமுறைக்கு வருகுது. தாய் விடிய எழும்பி ஆட்டிறைச்சி வாங்கி, சரக்குத்தூள் வறுத்துப் போட்டு, பிரட்டலும் குழம்புமாய் வைத்துக் காத்திருக்கிறா. பிள்ளை சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "அம்மா, பருப்பும் சோறும் காணும்" என்கிறது. அதோடு வீட்டில் முகம் சுருங்குகிறது. "ஆரும் சமயம் மாத்திப் போட்டினமோ?", "காதல் கீதல் ஏதும் இருக்குமோ?", "எங்கட சாப்பாடு இப்ப அதுக்கு நாறுதோ?" என்று ஆளுக்கொரு சந்தேகம். ஒரு ஐயா என்னிடம், "நான் இரவு வேலை செய்து வளர்த்த பிள்ளை என்ர காசில வாங்கின இறைச்சியை குற்றம் எண்டு சொல்லுது தம்பி" என்றார். அவருக்கு அது சாப்பாட்டுப் பிரச்சினை இல்லை. தன் வாழ்க்கையையே பிள்ளை தள்ளி வைத்த மாதிரி.

முதலில், பிள்ளைகள் மதியம் எங்கே சாப்பிடுகிறார்கள் என்று பார்ப்போம். ஜேர்மனியில் ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் மென்சா என்று மாணவர் உணவுச்சாலை இருக்கிறது. பேர்லினில் சுதந்திரப் பல்கலைக்கழகத்தில் 2010-இலேயே முழுவதும் மரக்கறி உணவுக்கென ஒரு மென்சா தொடங்கிவிட்டார்கள். 2019-இல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பால், முட்டைகூட இல்லாத, அதாவது வீகன் மென்சா ஒன்று வந்தது. பிறகு 2021 ஒக்ரோபரில் பெரிய மாற்றம். பேர்லின் மாணவர் சேவை நடத்துகிற 34 மென்சாக்களிலும் சிற்றுண்டிச்சாலைகளிலும் உணவுப் பட்டியலையே புரட்டிப் போட்டார்கள். நூற்றுக்கு 68 வீகன், 28 மரக்கறி, மிச்சம் நாலில் இரண்டு மீன், இரண்டு இறைச்சி. கிழமையில் நாலு நாளைக்கு ஒரேயொரு இறைச்சி உணவு இருக்கும். இது மேலிடத்து உத்தரவில்லை. காலநிலைக்கு ஏற்ற சாப்பாடு வேணும் என்று மாணவர்கள் தொடர்ந்து கேட்டதால் வந்தது. எங்கட பிள்ளைகள் இருந்து சாப்பிடுகிற மேசை அதுதான். பிள்ளையை ஒருவரும் மயக்கவில்லை, பக்கத்துக் கதிரையில் இருக்கிறவரும் அதைத்தான் சாப்பிடுகிறார்.

சரி, அவர்கள் ஏன் கேட்டார்கள்? 2018-இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்து ஜோசப் பூரும் சுவிற்சர்லாந்தின் தோமஸ் நெமெசெக்கும் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார்கள். 119 நாடுகளில் ஏறக்குறைய 38,700 பண்ணைகளின் கணக்கு அது. உலகத்தில் மனிதரால் வெளிவரும் பச்சைவீட்டு வாயுக்களில் நூற்றுக்கு 26 பங்கு உணவிலிருந்து வருகிறது என்று கண்டார்கள். நாலில் ஒன்று என்று வையுங்கோ. அதற்குள் எல்லா உணவும் ஒன்றில்லை. இறைச்சிக்கென்றே வளர்க்கிற மாட்டில் ஒரு கிலோ இறைச்சிக்கு ஏறக்குறைய 99 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமமான வாயு போகிறது. ஆட்டிறைச்சிக்கு 40 கிலோ. வளர்ப்பு இறாலுக்கு 27. பன்றிக்கு 12, கோழிக்கு 10. பருப்பு, கடலை வகைக்கு இரண்டு கிலோகூட இல்லை.

ஏன் மாடும் ஆடும் இவ்வளவு மேலே நிற்கின்றன? இரண்டும் அசைபோடுகிற பிராணி. வயிற்றின் முதல் அறையில் புல்லை நுண்ணுயிர்கள் புளிக்க வைக்கும்போது மெதேன் வாயு உண்டாகி, அது ஏப்பமாக வெளியே வருகிறது. மெதேன் வானத்தில் ஏறக்குறைய 12 வருடம்தான் நிற்கும். ஆனால் நூறு வருடக் கணக்கில் பார்த்தால் காபனீரொட்சைட்டைவிட ஏறக்குறைய 27 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும். அதோடு மேய்ச்சலுக்கும் தீவனத்துக்கும் காடு வெட்டுகிற கணக்கும் சேருகிறது. கோழி ஏப்பம் விடாது. அதனால்தான் பத்தில் நிற்கிறது.

மாட்டை மட்டும் குற்றவாளியாக்கிவிட்டு நாங்கள் தப்பவும் ஏலாது. தண்ணி கட்டி நிற்கிற நெல்வயலின் சேற்றிலும் மெதேன் உண்டாகிறது. ஒரு கிலோ அரிசிக்கு நாலரைக் கிலோ வருகிறது, உருளைக்கிழங்குக்கு அரைக் கிலோ. "சோத்தையும் விடச் சொல்லுறியோ" என்று அடிக்க வராதையுங்கோ, சோற்றை விடு என்று நான் சொல்லவில்லை. வயலில் தண்ணியைத் தொடர்ந்து கட்டி வைக்காமல் விட்டு விட்டுப் பாய்ச்சினால் இந்த மெதேனை ஏறக்குறையப் பாதிவரை குறைக்கலாம் என்று பிலிப்பைன்ஸில் இருக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் சொல்கிறது. அது கமக்காரருக்கும் நீர்ப்பாசன இலாகாவுக்கும் உரிய வேலை.

இப்போது மாணவர் விசயத்துக்கு வருவோம். எல்லா மாணவரும் காலநிலை பற்றித் தெரிந்து, அதனால் சாப்பாட்டை மாற்றினவர்கள் என்று நினைக்காதையுங்கோ. தெரியும், பேசுவார்கள், ஊர்வலம் போவார்கள், திரும்பி வரும்போது டோனர் கெபாப் சாப்பிடுவார்கள். அறிவுக்கும் வாய்க்கும் நடுவில் நீண்ட தூரம் இருக்கிறது. இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கல்லூரிகள் மூன்றின் உணவுச்சாலைகளில் 94,000-க்கு மேற்பட்ட சாப்பாடுகளின் கணக்கை எடுத்து 2019-இல் வெளியிட்டார்கள். நாலு வகைச் சாப்பாட்டில் ஒன்று மரக்கறியாக இருந்ததை இரண்டாக்கினார்கள், அவ்வளவுதான். பிரசங்கம் இல்லை, படம் இல்லை, இறைச்சிக்குத் தடையும் இல்லை. மரக்கறிச் சாப்பாட்டு விற்பனை நூற்றுக்கு 41-இலிருந்து 79 வரை கூடியது. வழக்கமாக மரக்கறிப் பக்கமே போகாத ஆட்களிடம்தான் அதிக மாற்றம் தெரிந்தது. மொத்த வியாபாரமும் பெரிதாகக் குறையவில்லை. அதே பல்கலைக்கழகத்தின் மத்திய உணவுச் சேவை 2016-இல் மாட்டிறைச்சியையும் ஆட்டிறைச்சியையும் நிறுத்தியது. வாங்குகிற உணவில் கிலோவுக்கு வெளிவரும் காபன் அளவு மூன்றில் ஒன்று குறைந்தது என்று 2019-இல் அறிவித்தார்கள்.

பேசினால் பிரயோசனமே இல்லையோ என்றால், அதுவும் இல்லை. அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் மாணவரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் இறைச்சியும் காலநிலையும் பற்றி 50 நிமிடம் விரிவுரை செய்தார்கள். பிறகு அவர்கள் உணவுச்சாலையில் என்ன வாங்குகிறார்கள் என்று மூன்று வருடம் பார்த்தார்கள். விரிவுரை கேட்டவர்கள் இறைச்சிச் சாப்பாடு வாங்குவது நூற்றுக்கு ஒன்பது பங்கு குறைந்தது. மூன்று வருடமும் அந்தக் குறைவு நின்றது. 2023-இல் வெளியான ஆய்வு இது. எனக்கு இன்றைக்குத் தந்தது 20 நிமிடம், அதிலும் தேநீர் வாசம் வருகுது. ஆகவே ஒன்பது பங்கை எதிர்பார்க்க முடியாது.

சாப்பாட்டின் பெயரும் வேலை செய்கிறது. 2017-இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஒரே மரக்கறியை ஒரே விதமாகச் சமைத்து, நாளுக்கொரு விதமான பெயர் எழுதி வைத்தார்கள். வாயூறுகிற மாதிரிப் பெயர் வைத்த நாளில், வெறும் பெயர் வைத்த நாளைவிட நூற்றுக்கு 25 பேர் கூட எடுத்தார்கள். 'உடம்புக்கு நல்லது, கொழுப்பு இல்லை' என்ற பாணியில் எழுதிய நாளோடு பார்த்தால் 41 கூட. எங்கட ஆச்சிமாருக்கு இது ஆய்வில்லாமலே தெரியும். "மரக்கறிதான் இருக்கு" என்று சொல்லிப் பாருங்கோ, ஒருத்தரும் எழும்ப மாட்டினம். "கத்தரிக்காய்ப் பால்கறியும் வாழைக்காய்ப் பொரியலும் மாங்காய் போட்ட சொதியும் இருக்கு" என்று சொல்லுங்கோ பார்ப்பம்.

இந்த நாட்டில் மச்சம் இல்லாத ஒரு நாள் என்பதே எவ்வளவு பெரிய சண்டை தெரியுமோ? 2013 தேர்தலில் பச்சைக்கட்சி, அரசாங்க உணவுச்சாலைகளில் கிழமைக்கு ஒரு நாள் மரக்கறி நாளாக இருக்கலாம் என்று எழுதியது. பத்திரிகைகள் எரிந்து விழுந்தன. எங்கட தட்டில் கை வைக்கிறார்கள் என்று நாடே கூச்சல் போட்டது. அக்கட்சி அந்தத் தேர்தலில் அடிவாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று இன்றைக்கும் சொல்வார்கள். எங்கட சனத்துக்கு இது சிரிப்பாக இருக்கும். வெள்ளிக்கிழமை மச்சம் இல்லை, செவ்வாயும் சில வீடுகளில் இல்லை. கந்தசஷ்டி ஆறு நாள், நல்லூர்க் கொடி ஏறினால் 25 நாள், புரட்டாதிச் சனி, மார்கழித் திருவெம்பா. கூட்டிப் பாருங்கோ, வருடத்தில் எத்தனை நாள் சட்டி வேறு, அகப்பை வேறு என்று இருந்த சனம் நாங்கள். வேதக்காரருக்கும் தவசு காலம் இருந்தது. பிள்ளை இறைச்சியைத் தள்ளினால் 'வெள்ளைக்காரப் பழக்கம்' என்று கோபிக்கிறோம். அந்தப் பழக்கத்தின் பாதி அம்மம்மா வீட்டில் இருந்தது.

இதில் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேணும். ஊரில் சைவச் சாப்பாடு பக்தியாக மட்டும் இருக்கவில்லை, சாதித் திமிராகவும் இருந்தது. "அவையள் மாடு தின்னுறவை" என்ற ஒரு வசனத்தில் எத்தனை பேரைக் கிணற்றடிக்கும் விடாமல் வைத்தார்கள் என்பது இங்கு இருக்கிற சிலருக்கு நன்றாகத் தெரியும். ஆகவே நீங்கள் காலநிலைக்காக மாட்டிறைச்சியை விட்டால், அதை யாரும் பழைய திமிருக்குச் சாட்டாக எடுக்காதபடி பேசப் பழகுங்கோ. 'கூடாத சாப்பாடு', 'அசுத்தம்' என்ற சொற்கள் வேண்டாம். மாட்டின் வாயுக்கணக்கைச் சொல்லுங்கோ, மாடு சாப்பிட்டவரைக் குறை சொல்லாதையுங்கோ.

இன்னொன்று. என் வயதுக்காரரில் பலர் 2009-இல் முள்ளிவாய்க்காலில் ஒரு சிரட்டைக் கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்கள். அதற்கு முன்னர் 1990-இலிருந்து பொருளாதாரத் தடைக்குள் சீனி, மண்ணெண்ணெய், மா எல்லாம் அளந்து வாழ்ந்தது இங்கிருக்கிற அக்காமார். அந்தச் சனம் பிள்ளையின் கோப்பையில் இரண்டு துண்டு இறைச்சி கூடப் போடுகிறது என்றால், அது ஆடம்பரம் இல்லை. 'இனி நீ பட்டினி கிடக்க மாட்டாய்' என்று அந்தத் தாய் சொல்லுகிற விதம் அது. அதை இலக்கத்தால் அடிக்கக் கூடாது. எங்கட நாட்டில் ஒரு ஆளுக்கு வருடம் ஏறக்குறைய ஒரு தொன் காபனீரொட்சைட்டு வருகிறது, ஜேர்மனியில் ஏழு தொன். உலகத்தைச் சூடாக்கிய கடனில் எங்கட சனத்தின் பங்கு சின்னது. ஆனால் பாருங்கோ, யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. குடிக்கிறதும் இறைக்கிறதும் சுண்ணாம்புக் கல்லுக்குள் நிற்கிற நிலத்தடித் தண்ணி. கடல் உயர உயர அதற்குள் உப்பு ஏறும். கடன் சின்னது, வட்டி எங்கட கிணற்றுக்கு வருகிறது. அந்தப் பிள்ளைகள் கவலைப்படுவது வேறு யாருடையதோ பனிக்கரடிக்காக என்று நினைக்க வேண்டாம்.

தொழிற்சாலைப் பக்கக் கதையையும் சொல்லவேணும். 2021 ஓகஸ்டில் வொல்ப்ஸ்பேர்க்கில் வொக்ஸ்வாகன் கம்பனி, தன் தலைமைக் கட்டடத்து உணவுச்சாலை ஒன்றில் கறிவூர்ஸ்ட்டை நிறுத்தியது. கார் செய்கிற கம்பனி 1973-இலிருந்து தானே சொசேஜ் செய்கிறது, அது வேறு கதை. உடனே முன்னாள் சான்சலர் ஷ்ரோடர், அது உற்பத்தித் தொழிலாளியின் சக்திக்கட்டி, அப்படியே இருக்க வேணும் என்று எழுதினார். 2023-இல் அங்கே கறிவூர்ஸ்ட் திரும்பி வந்தது. எனக்கு இதில் சிரிப்பு என்னவென்றால், நிறுத்தியது அலுவலகக்காரர் சாப்பிடுகிற கட்டடத்தில், சண்டை நடந்தது தொழிலாளியின் பெயரில். எட்டு மணித்தியாலம் மெசினில் நிற்கிறவனுக்கு இறைச்சி வேணும் என்கிறார்கள். ஊரில் வெயிலில் தோட்டம் கொத்தினவர்கள் பழஞ்சோறும் பருப்பும் வெங்காயமும் சாப்பிட்டுத்தான் கொத்தினார்கள். உடம்புக்குத் தேவை புரதம். அது எந்தச் சட்டியிலிருந்து வருகிறது என்பது இரண்டாவது கதை. ஜேர்மன்காரரே 2018-இல் ஆளுக்கு ஏறக்குறைய 61 கிலோ இறைச்சி சாப்பிட்டவர்கள், 2023-இல் ஏறக்குறைய 52 கிலோவாகக் குறைத்திருக்கிறார்கள்.

இனி மாணவத் தம்பி தங்கைமாருக்கு. இறைச்சியை விட்டுவிட்டு ஒவ்வொரு நாளும் பாணுக்கு நடுவில் சீஸ் அடுக்கினால் பெரிய இலாபம் இல்லை. சீஸ் கிலோவுக்கு 24, கோழியைவிட இரண்டு மடங்குக்கு மேல். முருங்கைக்காயும் அப்படித்தான், இது எல்லாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். உணவின் மொத்தக் கணக்கில் போக்குவரத்துப் பங்கு சின்னது. கப்பலில் வருகிற பருப்பு, அரிசிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் விமானத்தில் வருகிற சாமானுக்குக் கணக்கு வேறு. ஒரு தொன்னை ஒரு கிலோமீற்றர் கொண்டுபோக கப்பலைவிட விமானத்துக்கு ஏறக்குறைய 50 மடங்கு. கொழும்பிலிருந்து பிராங்போர்ட் 8,000 கிலோமீற்றர் என்று வைத்தால், ஒரு கிலோ முருங்கைக்காய்க்குப் பயணத்துக்கு மட்டும் ஒன்பது கிலோ வாயு. கோழி இறைச்சிக்குக் கிட்ட வந்துவிட்டது! வல்லாரை, பொன்னாங்காணி, பச்சை இராசவள்ளி எது விமானத்தில் வந்தாலும் இதே கதைதான். கொண்டாட்டத்துக்கு வாங்குவதை நான் தடுக்கவில்லை, நானும் வாங்குவேன். கிழமைக் கறிக்கு இங்கத்தைய கோவா, லீக்ஸ், பசளிக்கீரை, பூசணி இருக்கிறது. லீக்ஸைத் தேங்காய்ப்பூவோடு வறை செய்தால் ஊர்ச் சுவைதான்.

தாய்மாரின் பயத்தையும் மாணவர்கள் தட்டிவிடக் கூடாது. "இரத்தம் குறைஞ்சு போகும்" என்று அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. பால், முட்டைகூட விட்டு முழு வீகனாக இருந்தால் விற்றமின் பீ12 குளிசை கட்டாயம் எடுக்க வேணும், அது பயறு பருப்பில் இல்லை. இரும்புச்சத்து கீரையிலும் பருப்பிலும் இருக்கிறது, ஆனால் உடம்பு அதை இலேசில் எடுக்காது. தேசிக்காய்ப் புளி விட்டால் எடுக்கும். சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடித்தால் அதைத் தடுத்துவிடும். எங்கட பழக்கம் சாப்பிட்ட உடனே பிளேன்ரீ. ஒரு மணித்தியாலம் பொறுத்துக் குடியுங்கோ. பெண்பிள்ளைகள் வருடத்துக்கு ஒருக்கா இரத்தம் சோதித்துப் பார்ப்பது நல்லது.

கடைசியாக, எங்கட கொண்டாட்டங்கள். 2022-இல் மட்டும் உலகத்தில் நூறு கோடித் தொன்னுக்கு மேல் சாப்பாடு வீணாகப் போனது என்று ஐக்கிய நாடுகள் சூழல் அமைப்பு 2024-இல் சொன்னது. அதில் நூற்றுக்கு அறுபது வீடுகளிலிருந்து. எங்கட பிறந்தநாள், சாமத்தியவீடு, கலியாண மண்டபங்களில் இரவு பதினொரு மணிக்குக் குப்பைப் பையைத் தூக்கிப் பார்த்தவருக்கு இலக்கம் தேவையில்லை. நாலு இறைச்சிக் கறி வைத்தால்தான் மரியாதை என்று யாரோ எழுதிவைத்த மாதிரி நடக்கிறோம். சாப்பிட்ட ஆட்டைப் பற்றி விவாதம் செய்யலாம். சாப்பிடாமல் குப்பைக்குப் போன ஆட்டுக்கு ஒரு நியாயமும் கிடையாது.

நிர்வாகசபையோடு பேசி வருகிற புத்தாண்டு மதியச் சாப்பாட்டுக்கு ஒரு ஒழுங்கு செய்திருக்கிறோம். மேசையில் முதலில் நிற்பது மரக்கறி: பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, பயற்றங்காய்ப் பிரட்டல், கோவா வறை, கடலைக் கறி, பச்சடி, அப்பளம். ஒவ்வொன்றுக்கும் முன்னால் அதன் முழுப் பெயர் எழுதி வைக்கப்படும், 'சைவம்' என்று மொட்டையாக இராது. அடுத்த மேசையில் ஒரு கோழிக்கறி. ஆட்டிறைச்சி இந்த முறை இல்லை. ஆட்டிறைச்சி இல்லாமல் என்ன வருசப்பிறப்பு என்று இரண்டு பேர் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள், அவர்களுடைய வீட்டில் அன்று இரவுச் சாப்பாட்டுக்கு நான் போவதாக இருக்கிறேன். சமையலுக்கு அக்காமாரோடு மாணவர்கள் ஆறு பேர் காலை ஆறு மணிக்கே வருவார்கள். கோவா அரியத் தெரியாதவரும் வரலாம், அங்கே பழக்குவார்கள். எல்லாரும் வீட்டிலிருந்து மூடியுள்ள பெட்டி இரண்டு கொண்டு வாங்கோ, மிஞ்சினதைப் பங்கிட்டுக் கொண்டுபோவோம்.

கேள்வி இருந்தால் இப்ப கேளுங்கோ. முதலில் அந்த ஐயா கேட்கட்டும், பிறகு அவருடைய மகள்.